அவ்வப்போது கிளம்பும் கட்டிப் பரு: பெரியவர்களுக்கான முழு வழிகாட்டி

பத்தாம் வகுப்பில் முகம் நிறையப் பரு இருந்தால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. முப்பத்தைந்து வயதில் தாடையில் ஒரே ஒரு பரு சிவந்து வீங்கி நின்றால் பார்க்கிறவர்கள் எல்லோரும் வைத்தியர் ஆகிவிடுவார்கள். உடம்புச் சூடு, மாம்பழம், தண்ணீர் போதவில்லை, வயிறு சுத்தமாக இல்லை என்று ஆளுக்கொரு காரணம் வரும்.

மாதத்துக்கு ஒன்று, அல்லது இரண்டு மாதத்துக்கு ஒன்று என்று வலியோடு கிளம்பும் பெரிய பரு உள்ளவர்களுக்காக இதை எழுதுகிறேன். முகம் முழுக்கப் பரு உள்ளவர்கள் எப்படியும் டாக்டரிடம் போய்விடுவார்கள். அவ்வப்போது வருகிறவர்கள்தான் நடுவில் மாட்டிக்கொள்கிறார்கள். தினமும் மருந்து போட வேண்டிய அளவுக்கு இல்லையே என்று தோன்றும். அப்படியே விட்டுவிடவும் முடியாது. அதனால் பரு இருக்கும் ஒரு வாரத்தில் கையில் கிடைத்ததையெல்லாம் அதன் மேல் பூசிவிட்டு, அது அடங்கியதும் மறந்துவிடுகிறார்கள். உண்மையில் மருந்து வேலை செய்வது பரு இல்லாத வாரங்களில்தான். கிளம்பிவிட்ட பருவுக்கு நாம் செய்ய முடிவது கொஞ்சம்தான். இரண்டையும் பார்ப்போம்.

அது கட்டிப் பருதானா?

சாதாரணப் பரு தோலின் மேலாக இருக்கும், வெள்ளை முனை தெரியும், சில நாளில் அடங்கும். கட்டிப் பரு கண்ணாடியில் தெரிவதற்கு முன்பே விரலுக்குத் தெரிந்துவிடும். தோலுக்கு அடியில் ஓர் உருண்டை, தொட்டால் வலி, முனை எதுவும் இருக்காது. தலையணையில் கன்னம் பட்டாலே சுருக்கென்று இருக்கும். ஒன்றிரண்டு வாரம், சில சமயம் அதற்கு மேலும் இருந்துவிட்டு, போகும்போது ஒரு கருந்தடத்தையும் விட்டுப்போகும். கெட்டியாக இருப்பதை நோடியூல் என்றும், உள்ளே சீழ் சேர்ந்து மெத்தென்று இருப்பதை சிஸ்ட் என்றும் டாக்டர்கள் பிரிப்பார்கள். வீட்டுக் கவனிப்பைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான்.

ஆனால் வேறு சில கட்டிகளும் இதே தோற்றத்தில் வரும். வெயில் காலத்தில் சூட்டுக்கட்டி என்று நாம் சொல்வது பெரும்பாலும் ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமி மயிர்க்காலில் புகுந்து உண்டாக்கும் சீழ்க்கட்டி. தொடை, பின்புறம், அக்குள் என்று எங்கும் வரும். வேகமாக வளர்ந்து மஞ்சள் முனை விட்டு உடையும். அது அடிக்கடி வந்தால் ஒருமுறை சர்க்கரை அளவைப் பார்த்துவிடுவது நல்லது. அக்குளிலும் தொடை இடுக்கிலும் மார்புக்கு அடியிலும் திரும்பத் திரும்பக் கட்டி வந்து, உடைந்து, தழும்பாகிறது என்றால் ஹைட்ராடெனிடிஸ் சப்புராடிவா என்ற நோயாக இருக்கலாம். அதற்கு வைத்தியமே வேறு.

நெற்றி, நெஞ்சு, முதுகில் ஒரே அளவில் பொடிப்பொடியாக, அரிப்போடு வந்தால் அது பூஞ்சையால் வரும் மயிர்க்கால் அழற்சியாக இருக்கலாம். வியர்வை அதிகமுள்ள நம் ஊர்களில் இது சகஜம். பரு என்று நினைத்து ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் இன்னும் கூடும். பல வருடமாக வலியில்லாமல் ஒரே இடத்தில் இருந்து, நடுவில் ஒரு சிறு துவாரத்தோடு, அழுத்தினால் நாற்றமடிக்கும் மாவு போல வந்தால் அது தோல் நீர்க்கட்டி. பையோடு அறுத்து எடுத்தால்தான் போகும்.

கடைசியாக, பலரும் யோசிக்காத ஒன்று. தாடை ஓரத்தில் எப்போதும் அதே புள்ளியில் கிளம்பி, கசிந்து, மூடி, மறுபடி கிளம்பும் ஒற்றைக் கட்டி என்றால் பல் டாக்டரையும் பாருங்கள். சொத்தைப் பல்லின் வேரில் சேர்ந்த சீழ் எலும்பு வழியாக வெளித்தோலுக்கு வழி தேடிக்கொள்வது உண்டு. பல்லில் வலியே இல்லாமலும் இது நடக்கும். முகத்துக்கு எத்தனை களிம்பு போட்டாலும் பல்லைச் சரிசெய்யாமல் அது ஆறாது.

உள்ளே என்ன நடக்கிறது

ஒவ்வொரு மயிர்க்காலோடும் ஓர் எண்ணெய்ச் சுரப்பி ஒட்டியிருக்கிறது. ஆண்ட்ரோஜென் எனப்படும் ஆண் ஹார்மோன்கள் (பெண்கள் உடம்பிலும் கொஞ்சம் உண்டு) அந்தச் சுரப்பியைத் தூண்டும். மயிர்க்காலின் உள்சுவரில் உதிர வேண்டிய தோல் செல்கள் உதிராமல் ஒட்டிக்கொண்டு வாயை அடைக்கும். வெளியே வர வழியில்லாத எண்ணெயில், நம் எல்லோர் தோலிலும் இருக்கும் க்யூட்டிபாக்டீரியம் ஆக்னிஸ் என்ற கிருமி பெருகும். உடம்பு அதை எதிர்க்கக் கிளம்பும். இதுவரை எல்லாப் பருவுக்கும் ஒரே கதை. கட்டிப் பருவில் ஆழத்தில் மயிர்க்காலின் சுவரே கிழிந்துவிடுகிறது. உள்ளே இருந்த எண்ணெயும் கிருமியும் தோலின் அடி அடுக்கில் சிந்த, சுற்றியுள்ள இடம் முழுக்க வீங்குகிறது. அதனால்தான் முனை இல்லை, வலி அதிகம், தழும்பும் அதிகம்.

இதிலிருந்து இரண்டு விஷயம் புரியும். பிதுக்கினால் ஏன் கெடுதல் என்பது ஒன்று: மேலே வாசல் இல்லாததால் அழுத்தம் கீழ்நோக்கிப் போய் கிழிசலைப் பெரிதாக்கும். இன்னொன்று காலம். கண்ணுக்குத் தெரியாத முதல் அடைப்பிலிருந்து பருவாக வெளிப்பட ஏறக்குறைய எட்டு வாரம் ஆகலாம். ஆக, நேற்று சாப்பிட்ட பஜ்ஜியைக் குற்றம் சொல்வதில் அர்த்தமில்லை. இன்று தொடங்கும் மருந்தின் பலனையும் அடுத்த வாரம் எதிர்பார்க்க முடியாது.

கட்டி கிளம்பிய அன்று

முதல் வேலை, கையை எடுத்துவிடுவது. தடவிப் பார்ப்பதும் கூட வேண்டாம்.

ஐஸ் கட்டியை மெல்லிய துணியில் சுற்றி ஐந்து முதல் பத்து நிமிடம் வையுங்கள். ஒரு நாளில் இரண்டு மூன்று முறை செய்யலாம். வலியும் வீக்கமும் கொஞ்சம் குறையும், பரு மறைந்துவிடாது. ஐஸை நேரடியாகத் தோலில் வைத்தால் தோல் புண்ணாகிவிடும். வலி தாங்கவில்லை என்றால் பாராசிட்டமால் போதும். ஐபுப்ரோஃபென் வீக்கத்தையும் குறைக்கும், ஆனால் வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம் இருந்தால் அதைத் தொடாதீர்கள்.

மேலே போட ஒரே ஒரு மருந்து வேண்டும் என்றால் பென்சாயில் பெராக்ஸைடு 2.5 சதவீத ஜெல். கட்டியின் மேலும் அதைச் சுற்றியும் மெல்லிசாக, நாளுக்கு ஒருமுறை. 10 சதவீதம் வாங்கினால் நான்கு மடங்கு வேகமாகக் குறையும் என்று எண்ண வேண்டாம். எரிச்சல்தான் கூடும், பலன் கிட்டத்தட்ட ஒன்றே. இது துணியை வெளுக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். நல்ல தலையணை உறையும் கலர் துண்டும் பாழாகிவிடும், வெள்ளை உறையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

சில நாள் கழித்து மேலே மஞ்சளாக முனை தெரிந்தால் ஐஸை நிறுத்திவிட்டு, வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியால் பத்துப் பதினைந்து நிமிடம் ஒத்தடம் கொடுங்கள். தானாக உடைந்தால் உடையட்டும். உடைந்த பிறகு ஹைட்ரோகொலாய்டு ஒட்டு போடலாம். கசிவை உறிஞ்சும், முக்கியமாக நம் விரலைத் தள்ளி வைக்கும். முனை வராத கட்டியில் அந்த ஒட்டுக்கு உறிஞ்ச ஒன்றுமில்லை. விளம்பரத்தில் அதைச் சொல்ல மாட்டார்கள்.

முகத்தைக் கழுவுவது வழக்கம் போல இரண்டு வேளை. பரு வந்துவிட்டதே என்று ஆறு முறை சோப்புப் போட்டால் தோல் வறண்டு எரியும், பரு அப்படியே இருக்கும்.

எப்போது அவசரம்? கண்ணைச் சுற்றி வீக்கம், காய்ச்சல், கடுமையான தலைவலி, சிவப்பு மளமளவென்று பரவுதல். இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனை. மூக்குப் பாலத்திலிருந்து வாயின் இரு ஓரங்கள் வரையுள்ள முக்கோணப் பகுதியின் ரத்தக் குழாய்கள் மூளைக்கு அருகிலுள்ள குழாய்களோடு தொடர்புடையவை. அங்கே கட்டியைக் கிள்ளிக் கிருமி உள்ளே போவது மிக அபூர்வம்தான். ஆனாலும் கிள்ளிப் பார்க்க வேண்டிய இடம் அதுவல்ல.

ஊசி என்ற குறுக்கு வழி

நம்மில் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. தோல் டாக்டர் டிரையாம்சினோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை நன்றாக நீர்க்கச் செய்து, மிகச் சிறிய அளவில் கட்டிக்குள்ளேயே செலுத்துவார். பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் கட்டி தட்டையாகும். சுருக்கென்று ஒரு குத்து, அவ்வளவுதான் வலி. ஒற்றைக் கட்டி எப்போதாவது வருகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான வைத்தியம் இல்லை என்பேன். 2024-இல் அமெரிக்கத் தோல் மருத்துவக் கழகம் புதுப்பித்த பரு வழிகாட்டுதலும் பெரிய கட்டிகளுக்கு, தழும்பு விழும் அபாயம் உள்ளவர்களுக்கு இதை ஒரு நல்ல வழியாகச் சொல்கிறது.

குறை உண்டு. மருந்தின் செறிவு கூடினால் அந்த இடம் குழி விழும், அல்லது நிறம் வெளுக்கும். பெரும்பாலும் சில மாதத்தில் சரியாகும், சிலருக்கு நீடிக்கும். மாநிறத்திலும் கறுப்பிலும் வெளுப்பு நன்றாகத் தெரியும். அதனால் பழக்கமுள்ள தோல் டாக்டரிடம் மட்டும் போடுங்கள். ஒவ்வொரு சின்னப் பருவுக்கும் ஊசி கேட்காதீர்கள். மாதாமாதம் தேவைப்படுகிறது என்றால் தடுப்பு மருந்துக்கு நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

முகத்தில் போடக்கூடாதவை

பற்பசை, எலுமிச்சைச் சாறு, பேக்கிங் சோடா மூன்றும் தோலை எரிக்கும். பழைய வழக்கப்படி கட்டி பழுக்கட்டும் என்று சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துப் போடுவார்கள். சுண்ணாம்பு காரம். முகத்தில் போட்டால் கட்டிக்கு மேல் ஒரு தீக்காயமும் சேரும். சந்தனம், வேப்பிலை எல்லாம் மேலோட்டமாகக் குளிர்ச்சி தரலாம். ஆழத்திலிருக்கும் கட்டிக்கு அவை எட்டாது. தோலுக்கு ஒத்துக்கொண்டால் போட்டுக்கொள்ளுங்கள், அதையே மருந்தாக நம்பி மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள்.

இவை எல்லாவற்றையும் விடப் பெரிய ஆபத்து மெடிக்கல் ஷாப்பில் வாய்மொழியாகக் கேட்டு வாங்கும் களிம்புதான். "பருவுக்கு ஏதாவது க்ரீம் குடுங்க" என்றால் ஸ்டீராய்டு, ஆன்டிபயாடிக், பூஞ்சை மருந்து மூன்றும் கலந்த ஒன்று கைக்கு வந்துவிடும். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்ற பெயர் ட்யூபில் இருந்தால் அது ஸ்டீராய்டு. ஊசியில் டாக்டர் கொடுப்பதும் ஸ்டீராய்டுதானே என்று கேட்கலாம். அது கட்டிக்குள் ஒரு சொட்டு, ஒரே முறை. களிம்பை முகம் முழுக்க வாரக்கணக்கில் பூசுகிறோம். முதல் வாரம் முகம் பளிச்சென்று ஆகும், சிவப்பு போகும். அதனாலேயே விட மனம் வராது. பிறகு தோல் மெலியும், மெல்லிய ரத்தக் குழாய்கள் சிவப்பாகத் தெரியும், முடி முளைக்கும், பருவும் புதிதாகக் கிளம்பும். நிறுத்தினால் முகமே எரியும். இந்தியத் தோல் டாக்டர்கள் இதற்கென்று தனிப் பெயரே வைத்திருக்கும் அளவுக்கு இது நம் நாட்டில் பரவிய தொல்லை. 2018-இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. கடைகளில் எவ்வளவு கடைப்பிடிக்கிறார்கள் என்பது வாங்குகிறவர்களுக்குத் தெரியும். நிறம் கூட்டும் க்ரீம் என்று விற்பவற்றிலும் ட்யூபின் பின்பக்கத்தைப் படியுங்கள். ஏற்கெனவே பல மாதமாகப் போட்டு வருகிறீர்கள் என்றால் சட்டென்று நிறுத்தாமல் தோல் டாக்டரின் சொல்படி நிறுத்துங்கள்.

பரு இல்லாத நாட்களில்: மூன்று மாதத் திட்டம்

முதலில் உங்களுக்கு இது தேவையா என்று முடிவு செய்யுங்கள். வருடத்துக்கு இரண்டு மூன்று கட்டிதான், தழும்பும் விழுவதில்லை என்றால் தினசரி மருந்து வேண்டாம். மேலே சொன்ன முதலுதவி போதும். மாதாமாதம் வருகிறது, அல்லது ஒன்று வந்தாலும் பள்ளம் விட்டுப்போகிறது என்றால் தேவை. என்னைக் கேட்டால் எண்ணிக்கையை விடத் தழும்புதான் முக்கியம். பரு போய்விடும், பள்ளம் போகாது.

அடிப்படை மூன்று பொருள்: நுரை குறைந்த மென்மையான ஃபேஸ்வாஷ், ஜெல் வடிவ மாய்ஸ்சரைசர், எண்ணெய்ப் பிசுக்கில்லாத சன்ஸ்கிரீன். எண்ணெய் வழியும் முகத்துக்கு எதற்கு மாய்ஸ்சரைசர் என்று நம் ஊர் வெயிலில் எல்லோரும் கேட்பார்கள். அடுத்துச் சொல்லும் மருந்து தோலை வறளவைக்கும். மாய்ஸ்சரைசர் இல்லாமல் அதைப் பொறுத்துக்கொண்டு தொடர்கிறவர்கள் குறைவு.

அந்த மருந்து அடாபலீன் 0.1 சதவீத ஜெல். மயிர்க்காலின் வாய் அடைபடாமல் பார்த்துக்கொள்வதுதான் இதன் வேலை. அதாவது எட்டு வாரத்துக்கு அப்புறம் வரவேண்டிய பருவை இன்றே தடுப்பது. டாக்டர் சீட்டோடு வாங்குங்கள்.

முதல் இரண்டு வாரம், வாரத்தில் இரண்டு இரவு மட்டும். முகம் கழுவி, ஈரம் முழுக்கக் காய்ந்த பிறகு, பட்டாணி அளவு ஜெல்லை முகம் முழுவதற்கும் பரப்புங்கள். பரு வந்த இடத்தில் மட்டும் வைப்பது வீண், அடுத்தது எங்கே வரும் என்று யாருக்கும் தெரியாது. கண் ஓரம், மூக்கு மடிப்பு, உதட்டோரம் வேண்டாம். மேலே மாய்ஸ்சரைசர். எரிச்சல் அதிகமுள்ளவர்கள் மாய்ஸ்சரைசரை முதலில் போட்டு அதன் மேல் ஜெல் போடலாம்.

மூன்றாவது வாரத்திலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள். தோல் பொறுத்துக்கொண்டால் ஒன்றரை மாதத்தில் தினமும். முதல் சில வாரத்தில் பரு கொஞ்சம் கூடுவது போல இருக்கலாம், தோல் உரியலாம். பலர் இங்கேதான் நிறுத்திவிடுகிறார்கள். உரிவது அதிகமானால் இரண்டு நாள் இடைவெளி விடுங்கள், முழுக்க நிறுத்த வேண்டாம். பலனை எடைபோட மூன்று மாதம் தேவை.

காலையில் பென்சாயில் பெராக்ஸைடைச் சேர்த்தால் பலன் கூடும். முகம் முழுக்கப் போட்டு ஐந்து பத்து நிமிடத்தில் கழுவிவிட்டாலும் ஓரளவு வேலை செய்யும், துணியும் தப்பிக்கும். இரண்டையும் ஒரே வாரத்தில் தொடங்காதீர்கள். எது எரிகிறது என்று தெரியாமல் போகும்.

உதட்டுக்கு மேல் முடி எடுக்கப் பார்லருக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டும். அடாபலீன் போடும் தோலில் வாக்ஸ் செய்தால் முடியோடு தோலும் உரிந்து வரும். சில நாள் முன்பே அந்த இடத்தில் ஜெல்லை நிறுத்துங்கள், வாக்ஸுக்குப் பதில் த்ரெட்டிங் செய்யுங்கள்.

கர்ப்பமாக இருப்பவர்கள், கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்கள் அடாபலீன் போடக்கூடாது. அவர்களுக்கு அசெலாயிக் அமிலம் இருக்கிறது. மெதுவாகத்தான் வேலை செய்யும், ஆனால் பருவோடு கருந்தடத்தையும் குறைக்கும். மாநிறத் தோல் உள்ளவர்கள் கர்ப்பம் இல்லாவிட்டாலும் இதைப் பற்றி டாக்டரிடம் கேட்கலாம்.

சில சின்ன விஷயங்கள்: தலைக்கு எண்ணெய் வைத்தால் நெற்றி ஓரத்துக்கும் தலையணைக்கும் அது போகும், இரவு வைத்துவிட்டுத் தூங்காமல், வைத்த கொஞ்ச நேரத்தில் அலசிவிடுங்கள். ஹெல்மெட்டின் தாடை வாரில் வியர்வை ஊறிக் கிடக்கும், அவ்வப்போது துவையுங்கள். தாடியை ஒட்டச் சவரம் செய்கிறவர்களுக்கு முடி உள்ளே வளர்ந்து வரும் கொப்புளமும் பரு போலவே தெரியும்; முடி வளரும் திசையிலேயே சவரம் செய்து பார்த்தால் அது குறையும்.

ஹார்மோனும் பிற மருந்துகளும்

மாதவிடாய்க்கு முந்தைய வாரத்தில், தாடையிலும் முகவாயிலும் கழுத்தின் மேல்பகுதியிலும் வந்தால் ஹார்மோனின் கை அதில் இருக்கிறது. காலண்டரில் மாதவிடாயையும் பரு கிளம்பிய நாளையும் மூன்று மாதம் குறித்துவையுங்கள். டாக்டரிடம் அந்தக் காலண்டரைக் காட்டினால் பாதிப் பேச்சு மிச்சம்.

மாதவிடாய் தள்ளித்தள்ளி வருவது, முகவாயில் முரட்டு முடி, உச்சந்தலையில் முடி குறைவது, எடை ஏறுவது இவற்றோடு பரு சேர்ந்தால் பிசிஓஎஸ் என்ற சினைப்பை ஹார்மோன் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டெஸ்டோஸ்டிரோன் உள்ளிட்ட ரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் ஸ்கேன் எடுப்பார்கள். இந்த அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்கு ரத்தத்தில் பெரும்பாலும் எல்லாம் சரியாகவே இருக்கும். அவர்கள் தோலின் சுரப்பிகள் சாதாரண அளவு ஹார்மோனுக்கே அதிகமாகத் துள்ளுகின்றன. ரிப்போர்ட் நார்மல் என்பதற்காக "ஹார்மோன் இல்லை" என்று முடிவு கட்ட வேண்டாம்.

திடீரென்று பரு தொடங்கியது என்றால் அதற்கு முன் என்ன மருந்து ஆரம்பித்தீர்கள் என்று யோசியுங்கள். ஸ்டீராய்டு மாத்திரை, காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோநியாசிட், வலிப்புக்கான ஃபெனிடாயின், லித்தியம், பி12 ஊசி, புரொஜெஸ்டின் என்ற ஒரே ஹார்மோன் மட்டும் உள்ள கருத்தடை முறைகள் எல்லாம் பருவைக் கிளப்பக்கூடியவை. அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், குறிப்பாகக் காசநோய், வலிப்பு மருந்துகளை. எழுதிக்கொடுத்த டாக்டரிடம் சொல்லுங்கள். ஜிம்முக்குப் போகும் ஆண்களிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, என்ன பவுடர், என்ன ஊசி என்பதுதான்.

மாத்திரைகள்

களிம்பு மூன்று மாதம் ஒழுங்காகப் போட்டும் கட்டி வந்துகொண்டே இருந்தால், அல்லது தழும்பு கூடிக்கொண்டே போனால், மாத்திரைக்கு நேரம். எது என்று டாக்டர் சொல்வார். எதைக் கேட்க வேண்டும் என்று நாம் தெரிந்துவைத்திருக்கலாம்.

டாக்ஸிசைக்ளின் ஆன்டிபயாடிக். வீக்கத்தையும் அடக்கும். மூன்று நான்கு மாதத்துக்கு மேல் நீட்டக்கூடாது, கூடவே பென்சாயில் பெராக்ஸைடு போட வேண்டும். இல்லாவிட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்கி, உடனே படுக்காமல் இருங்கள். உணவுக்குழாயில் தங்கினால் புண்ணாக்கிவிடும். இரும்புச்சத்து மாத்திரையோடும் அமிலத்தைக் குறைக்கும் ஜெலுசில் வகை மருந்துகளோடும் சேர்த்துச் சாப்பிட வேண்டாம். வெயிலில் தோல் சீக்கிரம் கருகும். கர்ப்பத்தில் கூடாது.

பெண்களுக்கு, அதுவும் தாடைக் கட்டி வருகிறவர்களுக்கு, எனக்கு நம்பிக்கையுள்ள மருந்து ஸ்பைரனோலாக்டோன். முதலில் நீர் பிரியவும் ரத்த அழுத்தத்துக்கும் வந்த மாத்திரை இது. ஆண்ட்ரோஜெனின் வேலையைத் தடுப்பதால் பருவுக்கும் கொடுக்கிறார்கள். பிரிட்டனில் 410 பெண்களிடம் நடந்த ஆய்வு 2023-இல் வெளியானது. 12 வாரத்தில் தெரிந்ததை விட 24 வாரத்தில்தான் பலன் தெளிவாகத் தெரிந்தது. பொறுமை இல்லாதவர்களுக்கான மருந்து அல்ல. மாதவிடாய் முறை மாறலாம், தலைசுற்றலாம், அடிக்கடி சிறுநீர் வரும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் சில ரத்த அழுத்த மாத்திரைகள் சாப்பிடுபவர்களும் பொட்டாசியம் அளவைக் கவனிக்க வேண்டும். அவர்கள் தினமும் இளநீர் குடிக்கும் பழக்கத்தையும் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். கர்ப்பத்தில் கூடாது. ஆண்களுக்கு மார்பு வளரும் என்பதால் கொடுப்பதில்லை. சில பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜெனும் புரொஜெஸ்டினும் கலந்த கருத்தடை மாத்திரைகளும் பருவைக் குறைக்கும். ஒற்றைத் தலைவலியோடு கண்ணில் ஒளிக்கீற்று தெரிகிறவர்கள், ரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர்கள், 35 வயதைத் தாண்டிப் புகைபிடிப்பவர்கள் அந்தப் பக்கம் போகக்கூடாது.

ஐசோட்ரெட்டினோயின் எல்லாவற்றிலும் பலமானது. 1982 முதல் புழக்கத்தில் இருக்கிறது, எண்ணெய்ச் சுரப்பியையே சுருக்கிவிடும். எப்போதாவது ஒன்று வருகிறவர்களுக்கு இது தேவைப்படாது. ஆனால் வரும் ஒவ்வொன்றும் பள்ளமாக முடிகிறது, வேறெதுவும் கேட்கவில்லை என்றால் தயங்க வேண்டியதில்லை. உதடு காயும், கண் உலரும். கல்லீரலுக்கும் கொழுப்புக்கும் ரத்தப் பரிசோதனை செய்வார்கள். மனநிலையில் மாற்றம் தெரிந்தால் உடனே சொல்ல வேண்டும். டாக்ஸிசைக்ளினோடு சேர்த்துச் சாப்பிடக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, கர்ப்ப காலத்தில் சாப்பிட்டால் குழந்தைக்குக் கடுமையான ஊனம் உண்டாகும். தொடங்கும் முன் கர்ப்பப் பரிசோதனை, சாப்பிடும் காலம் முழுவதும், நிறுத்திய பின் ஒரு மாதமும் உறுதியான கருத்தடை கட்டாயம். அந்தக் காலத்தில் ஆண்களும் பெண்களும் ரத்ததானம் செய்யக்கூடாது. அக்கா சாப்பிட்டு மீந்த மாத்திரையைத் தங்கை சாப்பிடும் விளையாட்டு இதில் வேண்டவே வேண்டாம்.

சாப்பாடு

இதற்குக் கிடைக்கும் கவனத்துக்கு இது தகுதியானதல்ல, அதனால் சுருக்கமாக. சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும் உணவுகளுக்கும் பருவுக்கும் தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் ஓரளவு காட்டுகின்றன; பாலுக்கும், வே புரதப் பவுடருக்கும் கொஞ்சம். எண்ணெய்ப் பலகாரத்துக்கும் "சூட்டு"க்கும் அப்படி ஆதாரம் இல்லை. சர்க்கரை போட்ட காபி, டீயைக் குறைத்து, தட்டில் சோற்றைக் கொஞ்சம் குறைத்துக் காயைக் கூட்டினால் நல்லதுதான். வே பவுடரை இரண்டு மாதம் நிறுத்திப் பார்க்கலாம். மாம்பழத்தை விட்டுவிட்டு ஏக்கத்தோடு வெயில் காலத்தைக் கழிக்க வேண்டியதில்லை.

கருந்தடமும் பள்ளமும்

கட்டி அடங்கிய இடத்தில் வரும் பழுப்போ கறுப்போ ஆன தடம் தழும்பு அல்ல. வீக்கத்தின்போது தோல் கூடுதலாக நிறமியைச் சுரந்ததன் மிச்சம். நம் நிறத்தில் இது மாதக்கணக்கில் இருக்கும், ஆனால் மங்கிவிடும். வெயில் பட்டால் மங்குவது தள்ளிப்போகும், ஆகவே சன்ஸ்கிரீன்தான் முதல் மருந்து. எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேல், முகத்துக்கும் கழுத்துக்குமாக இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கிய அளவு. இரவில் போடும் அடாபலீனும் அசெலாயிக் அமிலமும் கூடவே உதவும்.

பள்ளமும், தடித்து எழும்பும் கெலாய்டும் நிஜமான தழும்பு. க்ரீமால் போகாது. பள்ளத்தை அடியிலிருந்து விடுவிக்கும் சப்சிஷன், நுண்ணூசி, லேசர் என்று வழிகள் இருக்கின்றன. புதுக் கட்டி வருவது நின்ற பிறகு செய்தால்தான் செலவு செய்த பணத்துக்குப் பயன். லேசர் என்றால் மாநிறத் தோலில் செய்து பழகியவரா என்று கேட்டுவிட்டுப் படுங்கள். தவறான அளவில் வைத்தால் கருமை கூடிவிடும். தாடை, நெஞ்சு, தோளில் கெலாய்டு வரும் உடம்பு என்றால் முதல் நாளே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

கல்யாணம், இன்டர்வியூ வந்தால்

பெரிய நாளுக்கு முந்தைய ஒரு மாதத்தில் புதிதாக எதையும் தொடங்காதீர்கள். புது க்ரீம், ஃபேஷியல், ப்ளீச் எதுவும் வேண்டாம். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் ஃபேஷியல் செய்துகொண்டு, மறுநாள் முகம் தடித்துப்போன மணப்பெண்களைப் பார்லர்காரர்கள் நிறையப் பார்த்திருப்பார்கள். அடாபலீன் தொடங்குவதென்றால் நான்கு மாதம் முன்பே.

ஒரு வாரம் இருக்கும்போது கட்டி கிளம்பினால் உடனே தோல் டாக்டரிடம் போய் ஊசியைப் பற்றிக் கேளுங்கள். நான்கைந்து நாள் இடைவெளி இருந்தால் நிதானமாக அடங்கும். முந்தின நாள்தான் கிளம்பியது என்றால் ஐஸ் மட்டும். மேக்கப் போடும்போது சிவப்பை மறைக்கப் பச்சைச் சாயலும், கருந்தடத்தை மறைக்க ஆரஞ்சுச் சாயலும் உள்ள கரெக்டரை மெல்லிசாக ஒற்றி, அதன் மேல் உங்கள் நிறக் கன்சீலர். தேய்க்காமல் ஒற்ற வேண்டும். மேக்கப் போடுபவரின் பிரஷ் கழுவியதா என்று கேட்க வெட்கப்பட வேண்டாம். வீடு திரும்பியதும், எவ்வளவு களைப்பாக இருந்தாலும், அதைக் கலைத்து முகம் கழுவிவிட்டுப் படுங்கள்.